சிங்கக் கொடியும் நீலகிரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கங்களில் இலங்கையின் தேசியக் கொடியைப் பற்றிக் கேட்கிறவர்கள் மூன்று வகை. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் ஒரு வகை. அண்டை நாடுகளைப் பற்றிப் பள்ளிக்கு எழுதிக் கொண்டுபோக வேண்டிய மாணவர்கள் இன்னொரு வகை. கண்டியிலும் பதுளையிலும் பிறந்து, கப்பலேறி வந்து, இந்த மலையில் கொழுந்து பறித்து முதுகு வளைந்த பெரியவர்கள் மூன்றாம் வகை. முதல் இரு வகையினருக்குப் பதில் சொல்வது சுலபம். பெரியவர்கள் கேட்பதும் கொடியைப் பற்றித்தான் என்றாலும், அடியில் வேறொரு பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கேள்விகள் வந்த வாக்கிலேயே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கொடியில் என்னதான் இருக்கிறது?

நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. சுற்றிலும் மஞ்சள் கரை. கரைக்குள்ளே இரண்டு கட்டங்கள். கம்பத்தை ஒட்டிய சிறிய கட்டத்தில் செங்குத்தாக இரண்டு பட்டைகள்: முதலில் பச்சை, அடுத்துச் செம்மஞ்சள். பெரிய கட்டம் கருஞ்சிவப்பு. அதன் நடுவில் மஞ்சள் நிறச் சிங்கம், முன்வலக் காலில் வாளைத் தூக்கிப் பிடித்தபடி பட்டைகளைப் பார்த்து நிற்கிறது. நான்கு மூலைகளிலும் நான்கு அரசமர இலைகள்.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மஞ்சள் கரை கொடியைச் சுற்றி ஓடுவதோடு நிற்கவில்லை. பட்டைகளுக்கும் சிங்கத்துக்கும் நடுவிலும் மேலிருந்து கீழாக இறங்குகிறது. தொலைக்காட்சியில் இது கண்ணில் படாது. இந்தக் கொடியைப் பற்றி எழுந்த சண்டையில் பாதி அந்த நடுக்கோட்டைப் பற்றியது என்பதால் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?

சிங்கம் சிங்கள இனத்தையும் வீரத்தையும் குறிக்கிறது. வாள் நாட்டின் இறைமை. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு. கருஞ்சிவப்பு சிங்களவர்களுக்கு. மஞ்சள் கரை மற்றச் சிறு சமூகங்களைக் குறிப்பதாகச் சொல்வது வழக்கம். நான்கு அரச இலைகளும் பௌத்தம் போற்றும் நான்கு குணங்கள்: மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை. நேயம், இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்று விரித்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலும் ஒரு பட்டியல் உண்டு. சிங்கத்தின் வால் எண்வகை நல்வழியாம், பிடரிச் சுருள் தியானமும் ஞானமுமாம், தாடி வாய்மையாம், மூக்கு புத்திக்கூர்மையாம், வாளின் பிடி நிலம், நீர், தீ, காற்றாம். திட்டப்பணி எழுதுகிறவர்கள் இதைத் தாராளமாக எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கண்டியில் அந்தச் சிங்கத்தை முதலில் வரைந்த கைவினைஞர் வாலின் முடியை எண்ணி எண்ணி வரைந்தார் என்று நான் நம்பவில்லை. சின்னம் ஒன்று நிலைத்துவிட்டால் அதன் ஒவ்வொரு மயிருக்கும் பிற்காலத்தார் பொருள் சொல்லுவார்கள். எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

சிங்கமே இல்லாத தீவில் சிங்கம் எப்படி வந்தது?

கதை வழியாக வந்தது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் முதல் சிங்கள மன்னனாகச் சொல்லும் விஜயனின் பாட்டன் ஒரு சிங்கம், தந்தை சிங்கபாகு. சிங்களவர் என்ற பெயரையே அந்த மரபோடுதான் இணைக்கிறார்கள். சீகிரியாக் குன்றின் வாசலில் இன்றும் இரண்டு பெரிய சிங்கப் பாதங்கள் இருக்கின்றன. பொலன்னறுவையில் நிச்சங்கமல்லன் என்ற மன்னனின் சிங்காசனம் இருந்தது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று படித்த நமக்கு, ஓர் அரச மரபு சிங்கத்தை எடுத்துக்கொண்டதில் வியப்பு இருக்க வேண்டியதில்லை.

அந்தச் சிங்கக் கொடியை வைத்திருந்த கடைசி ராஜா தமிழர் என்கிறார்களே, உண்மையா?

பெரியவர்கள் எனக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்காமல் தாங்களே ‘ஆமாம்’ என்று முடித்துவிடும் கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இன்றைய கொடிக்கு மூலம் கண்டி அரசின் கொடி. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பட்டத்துக்கு வருமுன் அவன் பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர்களோடு கொண்ட பெண் உறவினால் 1739-ல் கண்டி அரியணைக்கு வந்த நாயக்க வம்சத்தின் கடைசிக் கண்ணி அவன். ஆகவே ‘தமிழ் ராஜா’ என்று ஒரே சொல்லில் முடிப்பது சரியாகாது. வம்சம் நாயக்கர் வம்சம், தெலுங்கு வேர் உடையது, மதுரைத் தமிழோடு ஒட்டி வளர்ந்தது. ஆட்சி சிங்கள ஆட்சி, அரச மதம் பௌத்தம். புத்தரின் பல்லை வைத்துப் போற்றும் தலதா மாளிகையைக் காப்பது அவன் கடமை. அந்தக் கடமையின் கொடியாகத்தான் சிங்கம் அவன் கையில் இருந்தது.

1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மன்னன் பதவி இழந்தான். அவனையும் குடும்பத்தையும் வேலூருக்கு அனுப்பி, கோட்டைக்குள் காவலில் வைத்தார்கள். 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் நினைவிடம். நம் ஊரிலிருந்து சிகிச்சைக்கு வேலூர் போகாத குடும்பம் குறைவு. அடுத்த முறை போனால் ஓர் ஆட்டோவில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சிங்கக் கொடி பிடித்த கடைசி அரசன் தமிழ்நாட்டு மண்ணில்தான் கிடக்கிறான். அவனை அங்கிருந்து இங்கே அனுப்பியவர்கள், அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் நம் முன்னோர்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் காப்பித் தோட்டங்களில் இறக்கினார்கள்.

ராஜா வேலூருக்குப் போனார். கொடி எங்கே போனது?

லண்டனுக்கு. கைப்பற்றிய வெற்றிச் சின்னங்களில் ஒன்றாக அது செல்சி ராணுவ மருத்துவமனையில் இருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இலங்கையில் பெரும்பாலோருக்குத் தங்கள் பழைய கொடி எப்படி இருந்தது என்றே தெரியாது.

அதைத் தேடிப் பிடித்தவர் இ.டபிள்யூ. பெரேரா என்ற வழக்கறிஞர். அவருக்குத் துணை நின்றவர் டி.ஆர். விஜேவர்தன, பின்னாளில் பெரிய பத்திரிகை அதிபர் ஆனவர். கண்டி வீழ்ந்த நூறாம் ஆண்டான 1915-ல் அந்தக் கொடியின் படம் ‘தினமின’ என்ற சிங்கள நாளிதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பெரேரா சிங்களக் கொடிகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். நூறாண்டு கழித்துப் பார்த்த முகம் என்பதால் மக்களிடையே பெரிய எழுச்சி. சுதந்திரம் வரும்போது எந்தக் கொடி ஏறும் என்ற கேள்விக்குப் பாதி விடை அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அதுவரை என்ன கொடி பறந்தது?

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கே உரிய நீலக் கொடி. மூலையில் யூனியன் ஜாக், மறுபாதியில் ஒரு வட்டத்துக்குள் யானையும் தாதுகோபம் என்ற பௌத்தத் தூபியும். யாருக்கும் அதன்மேல் பாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

1948-ல் சிங்கக் கொடியை முன்மொழிந்தவர் ஒரு முஸ்லிம் என்பது சரியா?

சரி. மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை, 1948 ஜனவரியில், கண்டி மன்னனின் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மட்டக்களப்பு தமிழ் பேசும் சீமை. அவரும் தமிழ் பேசும் முஸ்லிம். ‘இந்தச் சமூகத்தார் என்றால் இப்படித்தான் நினைப்பார்கள்’ என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்களை இந்தத் தகவல் கொஞ்சம் தடுமாற வைக்கும்.

1948 பிப்ரவரி 4 அன்று ஏறியது அந்தக் கொடிதான். பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. சிவப்பில் ஒரு சிங்கம், அவ்வளவே.

பிறகு பட்டைகள் எப்படிச் சேர்ந்தன?

தனிச் சிங்கம் ஓர் இனத்தின் சின்னமாக மட்டும் நிற்கிறது, எங்களுக்கு அதில் இடம் எங்கே என்று தமிழ்த் தரப்பு கேட்டது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க 1948 மார்ச்சில் ஒரு குழுவை அமைத்தார். தலைவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. ஜே.ஆர். ஜெயவர்தன, ஜான் கொத்தலாவல ஆகியோர் உறுப்பினர்கள். தமிழர்களில் ஜி.ஜி. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் இருந்தார்கள். முஸ்லிம் தரப்பில் டி.பி. ஜாயா. தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான குழுவுக்கு உதவினார்.

அந்தப் பெயர்களை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பிற்காலத்தில் நாட்டை ஆண்ட மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நுவரெலியாவில் வென்றிருந்தார். ஆள் இல்லாமல் இல்லை, கூப்பிடவில்லை.

குழு இரண்டு ஆண்டு ஆராய்ந்து, சிங்கத்தை அப்படியே வைத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகளைச் சேர்க்கலாம் என்றது. 1951 மார்ச் 2 அன்று அது ஏற்கப்பட்டது. கண்டி ஒப்பந்தத்தின் தேதியும் மார்ச் 2 என்பதைச் சொல்லியிருந்தேன்.

நடேசன் ஏன் சம்மதிக்கவில்லை?

குழுவின் அறிக்கைக்கு மாறுபட்ட கருத்தைப் பதிந்தவர் அவர் ஒருவரே. பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நடுவே கரை ஓடுகிறது. இது ஒற்றுமையைக் காட்டாது, பிரிவினையையே காட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எதிர்வாதமும் உண்டு. வரலாற்றுக் கொடி ஒன்றை வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்தால் அதன் உயிர் போய்விடும்; அதைச் சிதைக்காமல் மற்றவர்களைச் சேர்க்க இதுவே வழி என்றார்கள். அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனாலும் கொடி கையில் இருந்தால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: காற்றில் வீசிப் பறப்பது சிங்கத்தின் பக்கம், பட்டைகள் கம்பத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. சிங்கம் வாளோடு நிற்பது அந்தப் பட்டைகளை நோக்கித்தான். கொடிக்கலை விதிப்படி விலங்குகள் கம்பத்தைப் பார்த்து நிற்பதே வழக்கம், வேண்டுமென்று செய்ததல்ல. இருந்தும் நடேசன் கண்ணில் பட்டது பிறகு பலர் கண்ணிலும் பட்டது.

பிற்காலத்தில் சில சிங்களத் தீவிரர்கள் இரண்டு பட்டைகளையும் நீக்கிவிட்டுச் சிங்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதும், அது நாட்டுக் கொடியை அவமதிப்பதாகும் என்று எதிர்ப்பு எழுந்ததும் உண்டு. அப்போது அந்தப் பட்டைகளுக்காகப் பேசிய சிங்களவர்களும் இருந்தார்கள்.

செம்மஞ்சள் பட்டை தமிழர்களுக்கு என்கிறீர்கள். அதில் தோட்டத்து ஆட்களும் சேர்த்தியா?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பட்டையில் பெயர் எழுதியில்லை. ‘தமிழர்’ என்றுதான் விளக்கம். தமிழர் என்றால் யார் என்று 1948-ல் சட்டம் வேறு விதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

1946-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எடுங்கள். இலங்கைத் தமிழர் ஏறக்குறைய 7,34,000 பேர். இந்தியத் தமிழர், அதாவது பெரும்பாலும் தோட்டங்களில் இருந்த நம்மவர்கள், ஏறக்குறைய 7,80,000 பேர். தீவின் தமிழர்களில் பாதிக்கு மேல் நாம். தலைக்கணக்குப்படிப் பட்டையை நறுக்கினால் பெரிய துண்டு நம்முடையது.

இப்போது தேதிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வையுங்கள். கொடிக்குழு அமைந்தது 1948 மார்ச். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது 1948 நவம்பர் 15. அங்கே பிறந்தவனும், தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ அந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்றது சட்டம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்று? கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ‘ஆள்’ என்று ஓர் எண்தான் இருக்கும். 1949-ல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வந்தது. விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை போயிற்று. 1951-ல் செம்மஞ்சள் பட்டையோடு கொடி ஏறியபோது, அந்தப் பட்டை யாருக்கென்று சொல்லப்பட்டதோ அவர்களில் பெரிய பாதி நாடற்றவர்கள். 1952 தேர்தலில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை.

ஒரு கையால் துணியில் இடம் கொடுத்து, மறுகையால் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே நாடாளுமன்றம். இதை வஞ்சகம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. வஞ்சகம் செய்கிறவர்கள் இதைவிட நன்றாக மறைப்பார்கள். பட்டையைப் பற்றிப் பேசியவர்களின் மனத்தில் ‘தமிழர்’ என்றபோது யாழ்ப்பாணத்து வழக்கறிஞரும் கொழும்பு வணிகரும் இருந்தார்கள். கூடை சுமந்த பெண் அந்தப் படத்திலேயே இல்லை. என் கணிப்பு இது.

எங்கள் அம்மா சொல்வார்: பிப்ரவரி 4 காலையில், ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, தோட்டத்துத் துரை வந்து கொடி ஏற்றி, ஆளுக்கொரு பனிஸ் கொடுப்பார்களாம். பிள்ளைகள் பனிஸைப் பார்ப்பார்கள், கங்காணி கொடியைப் பார்ப்பார். ‘அந்தச் சிவப்புக் கொடியில் ஓரமாக நம் நிறமும் உண்டு’ என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கோத்தகிரிக்கு வந்து, நான் பாடப் புத்தகத்தில் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ‘அப்படியா, எந்தப் பக்கம்?’ என்று கேட்டார்.

நம்மவர்கள் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது எப்படி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் இரண்டு முறையும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அங்கே ஒரு குடும்ப அட்டை, பிறகு ஒதுக்கப்பட்ட ஊர். தேயிலை தெரிந்த கைகளுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் வனத்துறை மூலம் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. 1984-ல் இலங்கையில் நிலைமை கெட்டுக் கப்பல் நின்றதோடு அந்த வரத்தும் நின்றது.

இங்கே நம்மை இன்னமும் ‘அகதிகள்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அகதிகள் 1983-க்குப் பிறகு போரினால் வந்தவர்கள், அவர்கள் கதை வேறு. நாம் இந்தியக் கடவுச்சீட்டோடு, இரண்டு அரசுகள் போட்ட கையெழுத்தின்படி வந்த இந்தியக் குடிமக்கள். அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள், இங்கே ‘சிலோன்காரன்’ என்கிறார்கள்.

இந்தியக் கொடியிலும் காவியும் பச்சையும் இருக்கின்றனவே. அவையும் மதங்களைக் குறிப்பவைதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான். 1921-ல் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் கொடுத்த வடிவம் வளர்ந்து வந்தபோது, சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று விளக்கம் இருந்தது. உடனே ‘எங்கள் நிறம் எங்கே’ என்ற கேள்வியும் வந்தது. சீக்கியர்கள் அழுத்தமாகக் கேட்டார்கள். காங்கிரஸ் 1931-ல் ஒரு வேலை செய்தது. சிவப்பைக் காவியாக்கி, நிறங்களின் வரிசையை மாற்றி, ‘இந்த நிறங்களுக்கு மதப் பொருள் எதுவும் இல்லை’ என்று தீர்மானமே போட்டது. காவி துணிவும் தியாகமும், வெள்ளை வாய்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் செழிப்பும் என்று ஆயிற்று. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றபோது ராட்டை போய்ச் சக்கரம் வந்தது.

இந்தியா 1931-ல் கைவிட்ட முறையை இலங்கை 1951-ல் கையில் எடுத்தது. சமூகத்துக்கு ஒரு நிறம் என்று ஆரம்பித்தால், இரண்டு கேள்விகள் உடனே எழும்: யாருடைய பட்டை அகலம்? பட்டை கிடைக்காதவன் யார்? இதற்காக இந்தியாவில் யாரும் மதத்தை மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடிக்குள் அந்தச் சண்டையை அழைத்து வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்து வண்ணப் பட்டைகள் உள்ள ஒரு கொடியையும் இலங்கைப் படங்களில் பார்க்கிறோமே?

அது பௌத்தக் கொடி, நாட்டுக் கொடி அல்ல. 1885-ல் கொழும்பில் ஒரு குழு வடிவமைத்தது. அமெரிக்கரான ஆல்காட் அதன் அளவைச் சீர்செய்தார். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். இன்று உலகம் முழுவதும் பௌத்தர்கள் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள செம்மஞ்சளுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் தனிக் கொடி இருந்ததா?

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சின்னம் நந்தி. அவர்கள் வெளியிட்ட காசுகளில் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். நந்திக் கொடி என்று இன்றும் ஈழத்துச் சைவர்கள் ஏற்றுகிறார்கள்.

1972-ல் கொடி மாறியது என்கிறார்கள். என்ன மாற்றம்?

1972 மே 22 அன்று சிலோன் குடியரசாகி ஸ்ரீ லங்கா ஆனது. 1951 வடிவத்தில் சிங்கக் கட்டத்தின் மூலைகளில் இருந்த கூர்முனை அலங்காரங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசமர இலைகளை வைத்தார்கள். அதே அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது. இலை வந்த காலமும் அதுதான் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்காதிருப்பது கடினம். 1978 அரசியலமைப்பின் 6-ஆம் உறுப்பு ‘சிங்கக் கொடியே தேசியக் கொடி’ என்கிறது. படம் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்களில் 1972-க்கு முன் கப்பலேறியவர்களுக்கு இலை இல்லாத கொடிதான் நினைவில் இருக்கும். ‘நான் பார்த்த கொடியில் இலை கிடையாது’ என்று தாத்தா சாதித்தால் பேரப்பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். அவர் சொல்வது சரி.

அங்கேயே தங்கிவிட்ட நம் உறவினர்கள் இப்போது குடிமக்கள்தானா?

ஆம். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள் மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்த்தன. 1948-ல் பறித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1946-ல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 12 சதவீதமாக இருந்த இந்தியத் தமிழர் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 சதவீதம். பெரும்பகுதி கப்பலேறியது, ஒரு பகுதியினர் கணக்கெடுப்பில் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்கிறார்கள். மலையகத் தமிழர் என்ற பெயரையே அவர்களில் இளைய தலைமுறை விரும்புகிறது.

மேட்ச் நடக்கும்போது இலங்கைக்குக் கைதட்டினால் தப்பா?

கைதட்டுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரனின் தாத்தாவும் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் போனவர்தான். அவர் பந்து வீசியபோது சேரம்பாடி டீக்கடைகளில் யாருக்குக் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். வம்பு வளர்க்க விரும்புகிறவர்கள் ‘எந்த நாட்டுக்காரன் நீ’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நம் குடும்பங்கள் இரண்டு கரையிலும் போதுமான அளவு கேட்டாயிற்று.

பள்ளிக்கு வரைந்து கொண்டுபோக வேண்டும். எதில் தவறு வரும்?

முதலில் அளவு. இந்தியக் கொடி 3:2, இலங்கைக் கொடி 2:1. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் உயரத்தைச் சமமாக வையுங்கள். இலங்கைக் கொடி நீண்டு தெரியும், அது சரிதான்.

பச்சைதான் கம்பத்தை ஒட்டி வரும், செம்மஞ்சள் அடுத்தது. மாற்றிவிடுகிறவர்கள் அதிகம். இரண்டு பட்டைகளும் ஒரே அகலம். பின்னணிக்குப் பளிச்சென்ற சிவப்பைப் போடாதீர்கள்; சிவப்பின்மேல் கொஞ்சம் பழுப்பு தேய்த்தால் வரும் நிறம். சிங்கத்தின் முகம் இடப்பக்கம், வாள் முன்வலக் காலில், வால் மேலே வளைந்து நிற்க வேண்டும். மஞ்சள் கரையை வெளியே மட்டும் போட்டு நடுவில் விட்டுவிடாதீர்கள். சிங்கம் வராவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். படத்தின்மேல் எண்ணெய்த் தாளை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.